உக்கிரபாண்டியின் வரிசை

செய்தி என்பது புனிதமானது. அதை உரியவரிடம் கொண்டு சேர்ப்பவன் தெய்வத்துக்கு அடுத்தபடி. உக்கிரபாண்டி திருநகரில் தன் வீட்டு ஹாலில், தெருக்காரர்கள் ஆறு பேர் முன்னிலையில் இதைச் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்து முக்காலியில் இருந்த போன் பன்னிரண்டு தடவை அடித்து ஓய்ந்துவிட்டது.

"எடுத்திருக்கலாம்ல அண்ணே," என்றார் எதிர்வீட்டு வெள்ளைத்துரை. "என் மச்சானாத்தான் இருக்கும்."

"பேச்சு நடுவுல போன் எடுக்கிறது மரியாதை இல்ல."

ஏழு வருஷம் காத்திருந்து வாங்கிய போன். தெருவிலேயே அது ஒன்றுதான். அதனால் தெருவே அந்த நம்பரைத் தன் சொந்தபந்தங்களுக்கெல்லாம் கொடுத்து வைத்திருந்தது. அழைப்பு வந்தால் உக்கிரபாண்டி ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உரியவரைக் கூப்பிட ஓடுவார். அவர் தெருக்கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் வெளியூர் ட்ரங்க் காலின் மூன்று நிமிஷம் தீர்ந்திருக்கும். மனைவி அன்னக்கொடி போனைத் தொடக் கூடாது. அதற்குப் பயிற்சி வேண்டும் என்பது அவர் கட்சி.

பொதுச்சேவை என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், பதிந்து வைத்த முறை வந்ததும் போனை விடாமல் வாங்கிய காரணம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் மகள் ஜெயக்கொடி, தானே பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டாள். "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னவர் இவர்தான். போன் வந்த மறுநாள் மகளுக்கு ஒரு கார்டு எழுதினார். நலம் இல்லை, நலமறிய ஆவல் இல்லை. போன் நம்பர் மட்டும். திருநகர்த் தபால்காரர் படித்துவிடுவார் என்று பஸ் ஏறிக் காளவாசல் போய்ப் பெட்டியில் போட்டார்.

அன்றிலிருந்து மணி அடிக்கும்போதெல்லாம் அன்னக்கொடி அடுப்படியிலிருந்து கேட்பாள்: "நம்ம புள்ளயாங்க?"

"இல்ல. பொது," என்பார் உக்கிரபாண்டி. குரலில் கம்பீரம் குறையாது. கை மட்டும் ரிசீவரைக் கொஞ்ச நேரம் விடாது.

ஓடி ஓடி முழங்கால் வீங்கியதும் ஒரு நடைமுறை வகுத்தார். அவர் ஸ்டெனோவாக இருந்த ஆபீசில் தபால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேச்சிமுத்து பக்கத்துத் தெருவில் சும்மா இருந்தார். அவருக்குப் பின்பக்கத்து ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல் போடப்பட்டது. கூப்பிடுகிறவர் வீட்டு நம்பரையும் செய்தியையும் சொல்ல வேண்டும். பேர், குசலம் எதுவும் கூடாது. உக்கிரபாண்டி அதைச் சீட்டில் எழுதி, அடியில் சுருக்கொப்பம் இட்டு, மடித்து, மேலே வீட்டு நம்பரைப் போட்டு, ஜன்னலில் இருக்கும் ரசீது குத்தும் கம்பியில் குத்துவார். பேச்சிமுத்து எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பார்.

"படிச்சிரப்போறீங்க அண்ணே, எங்க வீட்டு விஷயத்தை," என்றார் வெள்ளைத்துரை.

"முப்பத்திரண்டு வருஷம் டிக்டேஷன் எடுத்த கை இது, மாப்ள. காதுல விழுந்தது கைக்குப் போயிரும். நடுவுல மனசுல தங்குற வழக்கமே நமக்குக் கிடையாது."

முறை ஒரு வாரம் பிரமாதமாக நடந்தது. எட்டாம் நாள் வெள்ளைத்துரைக்கு இரண்டு சீட்டு. காலையில் வந்தது: 'நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறோம்.' பதினொன்றுக்கு வந்தது: 'இன்று வரவில்லை, சகுனம் சரியில்லை.' கம்பியில் கடைசியாகக் குத்திய சீட்டுத்தானே முதலில் கைக்கு வரும்? பேச்சிமுத்து முதலில் 'வரவில்லை' சீட்டைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து 'வருகிறோம்' சீட்டைக் கொடுத்தார். மனசு மாறிவிட்டார்கள் போல என்று வெள்ளைத்துரை வீட்டில் இருபது பேருக்குக் கேசரி கிண்டினார்கள். பெண் பட்டுப்புடவையோடு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளைத்துரை ஒரு தூக்குவாளி நிறையக் கேசரியைக் கொண்டுவந்து போன் பக்கத்தில் வைத்தார். "உங்க சேவைக்குண்ணே. அம்புட்டும் நீங்களே தின்னுருங்க."

உக்கிரபாண்டி கம்பியைத் தூக்கிப் போட்டார். தகரப் பெட்டி ஒன்று வந்தது. சீட்டுகள் அதில் வந்த வரிசையில் நிற்கும்.

"பேச்சிமுத்து, இனிமே முன்னது போகாம பின்னது போகக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

"சரிங்க சார்."

திங்கட்கிழமை காலையில் மட்டும் ஒன்பது அழைப்பு. உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் எருமை ஈன்றதைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். இன்னொருவர் மனப்பாடப் பாட்டை ஒப்பிப்பதுபோல மூச்சுவிடாமல் பேசினார். அடுத்து, லைனில் கடுகு பொரிகிற மாதிரி இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல்.

"வீட்டு நம்பர்?"

"பதினேழு. நான் வந்து..."

"பேரெல்லாம் வேண்டாம்மா. செய்தி?"

அந்தப் பக்கம் விசும்பல்.

"அழுறதை எழுத முடியாதும்மா. லைனுக்கு ஆளுக காத்திருக்காக. சொல்லுங்க."

பிறகு, "சரிங்க," என்று அந்தக் குரல் சொல்ல வேண்டியதைச் சொன்னது. கை எழுதியது, மடித்தது, பதினேழு என்று மேலே போட்டது. அதற்குள் அடுத்த மணி.

மத்தியானம் சோறு போடும்போது அன்னக்கொடி கேட்டாள்: "ஒம்பது வந்துச்சே. ஒண்ணுகூட நம்ம புள்ள இல்லயா?"

"வந்தா எனக்குத் தெரியாதா?" என்றார். ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றும் சொன்னார்.

செவ்வாய் மத்தியானம் தெரு திரண்டு வந்தது. நேற்றிலிருந்து யாருக்கும் ஒரு சீட்டு வரவில்லை. எருமை ஈன்ற சேதி, உசிலம்பட்டிக்காரர் நேரிலேயே சீம்பாலோடு வந்து இறங்கிய பிறகுதான் உரியவருக்குத் தெரிந்ததாம். உக்கிரபாண்டி தேடிக்கொண்டு போனார். பன்னிரண்டாம் நம்பர் வாசலில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன பண்ணுற?"

"முதல் சீட்டு இவுகளுக்கு சார். வீடு பூட்டியிருக்கு. பழனிக்குப் போயிருக்காகளாம்."

"மத்ததைக் குடுக்க வேண்டியதுதானய்யா?"

"முன்னது போகாம பின்னது போகக் கூடாதுன்னீங்களே. நேத்து இருட்டுற வரைக்கும் இருந்தேன். இன்னைக்குச் சோறு கட்டியாந்துட்டேன்."

தெரு சிரித்தது. உக்கிரபாண்டி அந்த இடத்திலேயே வரிசையை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் பேச்சிமுத்து வந்தார். பன்னிரண்டாம் நம்பர் தவிர எல்லாம் பட்டுவாடா ஆகிவிட்டது. கையில் ஒரு சீட்டு மிச்சம்.

"இதை ஏன் இங்க கொண்டு வார?"

"பதினேழு சார். நம்ம வீடுதான?"

உக்கிரபாண்டி எழுந்து பிரித்தார். கண்ணாடி சரியில்லையோ என்று துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்னக்கொடி வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நாளை செவ்வாய் காலை பத்தரைக்கு மதுரை ஜங்ஷன். வண்டி கால் மணி நேரம் நிற்கும். வேலை மாற்றலாகி வெகுதூரம் போகிறோம். விலாசம் போய்த்தான் தெரியும். குழந்தையை ஜன்னலில் காட்டுகிறேன். அப்பா வந்தால் போதும், பேசக்கூட வேண்டாம்."

சுவர்க்கடிகாரம் நாலு பத்து காட்டியது.

"எந்தக் கூறுகெட்டவன் போனை எடுத்தான்?" என்றாள் அன்னக்கொடி. "பெத்த அப்பனுக்கு வந்த சேதியை மடிச்சுப் பெட்டியில போட்டிருக்கானே. குரல் தெரியாதா அவனுக்கு?"

உக்கிரபாண்டி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே மேல இருக்க நம்பரைப் பாத்தேன்மா," என்றார் பேச்சிமுத்து. "சாரே எழுதுனதுதான, சாருக்குத் தெரியாமயா இருக்கும்னு விட்டுட்டேன்."

சீட்டின் அடியில், வழக்கம்போல, 'உ.பா.' என்று சுருக்கொப்பம் இருந்தது.