அம்மணி, தங்கள் கையைப் பற்றலாமா?

மனித நாகரிகத்தின் உச்சம் எங்கள் வீட்டு நடு அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில், அரை டிரவுசரோடு உட்கார்ந்திருக்கிறது. அது என் அண்ணன். இணைய விளையாட்டு ஒன்றில் அவன் பேரரசன். புதிதாக வரும் ஆட்டக்காரர்களுக்கு 'அவை நாகரிகம்' கற்பிக்கும் தலைமை நெறியாளனும் அவனே. எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டாபிஷேகம் செய்துகொண்ட முதல் ஆள் அவன்.

அந்த விளையாட்டில் ஆளுக்கொரு வேடம்: தளபதி, கொல்லன், சத்திரக்காரி. வேடம் கலையாமல், செந்தமிழில் தட்டச்சு செய்தே பேச வேண்டும். வெளியுலகப் பேச்சு என்றால் அடைப்புக்குறிக்குள். இவற்றையெல்லாம் விடப் பெரிய விதி ஒன்று உண்டு: அடுத்தவர் வேடத்தை நீ இயக்காதே. 'நான் வாளை வீசினேன்' என்று எழுதலாம். 'அவன் செத்தான்' என்று எழுதக் கூடாது. சாவதா வேண்டாமா என்பது அவன் முடிவு.

என்ன பண்பாடு! அண்ணன் தட்டுவதை உரக்கப் படித்துக்கொண்டே தட்டுவான். நான் அடுப்படியில் நின்று கேட்டுப் புல்லரித்துப்போவேன்.

"சத்திரக்கார அம்மணி, தங்கள் கையைப் பற்றலாமா?"

"யோசிக்க வேண்டும், அரசே" என்று வரும் பதிலையும் அவனே படிப்பான்.

"எத்தனை யுகமானாலும் காத்திருப்பேன்."

அம்மணியாக ஆடுபவர் மீசை வைத்த லாரி டிரைவர் என்பது அவையறிந்த உண்மை. இருந்தாலும் மரியாதை மரியாதைதான். யுகம் கழியும்வரை சும்மா இருப்பானேன் என்று மன்னர் என் பக்கம் திரும்புவார்: "ஏய், டீ என்னாச்சு? செத்துட்டியா?"

ஒரு வெள்ளிக்கிழமை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டு இறங்கி வந்தேன். என் போன் மன்னர் கையில் இருந்தது.

"அந்த மருந்துக் கம்பெனிக்காரங்க கூப்பிட்டாங்க. திங்கக்கிழமை வந்து சேர்றியான்னு கேட்டாங்க. அவ வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

எழுத்துத் தேர்வு, நேர்முகம், மறுபடி நேர்முகம் என்று நான் நாய் படாத பாடு பட்டு வாங்கிய வேலை அது.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? அவ்ளோ தூரம், தனியா ஹாஸ்டல்ல கெடக்கணும். உனக்கே பிடிக்காது."

"பிடிக்காதுன்னு நான் சொன்னேனா?"

"அண்ணனுக்குத் தெரியாதா?" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"உன் நல்லதுக்குத்தாண்டி சொல்லியிருப்பான், விடு" என்றாள் அம்மா.

கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த அதிகாரி மிகுந்த பொறுப்புணர்வு உள்ளவர்.

"உங்க அண்ணன் வேணாம்னுட்டாரேம்மா. வீட்டுல பிரச்சனைன்னா எங்களுக்குத் தலைவலி. அவரே சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அஞ்சு மணிக்கு மேல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்."

அண்ணனிடம் நியாயம் கேட்டால் கிடைக்காது. பேரரசனிடம் கிடைக்குமே! விளையாட்டை என் போனில் இறக்கினேன். வேடம்: பணிப்பெண். அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை. அடுப்படியில் நின்றபடியே அவைக்குள் நுழைந்து முறையிட்டேன்.

"பேரரசே, என்னை அழைக்க வந்த தூதனிடம், என்னைக் கேளாமலே ஒருவன் 'அவள் வரமாட்டாள்' என்று சொல்லி அனுப்பிவிட்டான். இது முறையா?"

அவை கொதித்தது. தளபதி வாளை உருவினார். கொல்லன் காறித் துப்பினான், தரையைச் சேதப்படுத்தாமல். நடு அறையிலிருந்து மன்னர் முழங்கினார்:

"அஞ்சாதே, புதியவளே! அடுத்தவர் வாயில் சொல்லைத் திணிப்பவன் மனிதனே அல்லன். தூதனை அவனே திரும்ப அழைத்து, தான் சொன்னது பொய் என்று சொல்லக் கடவன். யார் அந்த அற்பன்?"

"தாங்கள்தான். (அண்ணா, அஞ்சு மணிக்குள்ள கம்பெனிக்குப் போன் பண்ணு.)"

நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது. "ஏய், நீயா அது? நாலு பேர் இருக்கற எடத்துல மானத்த வாங்குறியே, அறிவிருக்கா?"

"தீர்ப்பு நீதானே சொன்ன?"

"அது கேம்டி. இது குடும்பம்!"

அவை உடனே கூடி, கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. என் மீதுதான். குற்றம்: வேடத்தைக் கலைத்தல். தளபதி உருவிய வாள் வீணாகவில்லை. அதைக் காட்டியே என்னை வெளியே தள்ளினார்.

கோட்டை வாசலில் நின்றிருந்தபோது எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. சத்திரக்கார அம்மணி.

"(தங்கச்சி, வண்டிய ஓரங்கட்டிட்டேன். உங்க அண்ணன் வேஷத்துல நான் அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட பேசலாமா? நீங்க சரின்னாதான்.)"

என் வேலை விஷயத்தில் அன்று முழுவதும் என்னிடம் அனுமதி கேட்ட ஒரே மனிதப் பிறவி அவர்தான். சரி என்றேன்; என் விவரத்தையும் கம்பெனி நம்பரையும் அனுப்பினேன்.

சற்று நேரத்தில் அதிகாரி பூரிப்போடு கூப்பிட்டார். "அண்ணனே பேசிட்டாரும்மா! கம்பீரமான குரல். பின்னாடி ஒரே ஹாரன் சத்தம், பெரிய பிசினஸ் போல. திங்கக்கிழமை வந்துடுங்க."

என் பட்டமும் மதிப்பெண்ணும் சாதிக்காததை, தெருவோரத்தில் லாரியை நிறுத்திய ஒரு சத்திரக்காரியின் ஆண் குரல் சாதித்துவிட்டது.

ஆகவே, புதியவர்களே, தயங்காமல் அந்த அவையில் சேருங்கள். சுண்டுவிரலைத் தொடுவதற்குக்கூட உங்கள் சம்மதம் கேட்டு யுகக்கணக்கில் காத்திருப்பார்கள். பெண்ணாக நடித்தால் போதும். பெண்ணாக மட்டும் இருந்து தொலைக்காதீர்கள்.