முதல் வரியில் பிழை

"முதல் வரியிலேயே பிழையாம், ரூபினி," என்றார் மேலாளர் தேவன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். "தலைமை ஆபிஸ் சிஸ்டம் ஃபைல திருப்பி அனுப்பிடுச்சு."

ரூபினி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். பிழை சரிபார்க்கும் மென்பொருள் பச்சை காட்டியது. "என்கிட்ட சரியாத்தான் இருக்கு பாஸ்."

"உன்கிட்ட சரியா இருந்து எனக்கென்னா லா? அங்க சரியா இருக்கணும். அஞ்சு மணிக்குள்ள ஏறலன்னா நாளைக்கு நாப்பது பேரு கேட்டுக்கு வெளிய நிப்பாங்க. அப்புறம் உன் வேலைய நிரந்தரமாக்குங்கன்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக் கேக்கறது?"

குருண் ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. புதிதாகச் சேர்ந்த நாற்பது பேரின் பெயர், அட்டை எண், பஸ் எண் எல்லாம் ஒரே ஃபைலில். ஓர் அடைப்புக்குறி, ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் சிஸ்டம் மொத்தத்தையும் துப்பிவிடும். பிழை பார்த்துக் கொடுப்பது ரூபினி. அனுப்புவது ஆபிஸ் கணக்கு வழக்கு எழுதும் மூத்த கிராணி குழந்தைவேலு. கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான். இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் திரையை யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது.

பாலிங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அம்மாவிடம், வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ரூபினி முந்திக்கொண்டு சொல்லித் தொலைத்திருந்தாள். அம்மா அதைத் தோட்டம் முழுக்கப் பரப்பியாயிற்று.

முதல் வரியில் ஒரு தலைப்பு இருந்தது. அதுதான் வினை என்று தூக்கினாள். பச்சை.

"அண்ணே, இப்ப அனுப்புங்க."

குழந்தைவேலு ஏதோ தட்டினார், கண்ணை மூடித் திறந்தார், அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: முதல் வரி, இரண்டாம் வரி, இரண்டிலும் பிழை.

"அலாமாக்! ஒண்ணு ரெண்டாச்சே," என்றார் தேவன். "நாலு வருசம் யூனிவர்சிட்டியில இதத்தான் படிச்சியா?"

"படிச்சதாலதான் சொல்றேன், தப்பு என்கிட்ட இல்ல. கடவுச்சொல்ல குடுங்க, நானே அனுப்பறேன்."

"அண்ணன் மனசு நோகும் லா."

என் மனசு என்ன சிமெண்டா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, நாற்பது பேரையும் முதலிலிருந்து புதிதாகத் தட்டினாள். விரல் வலித்தது. பச்சை. குழந்தைவேலு அனுப்பினார்.

மூன்று வரிகளில் பிழை.

மணி நாலு நாற்பது. தேவன் திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், "வேற கம்பெனியில எழுதிப் போட்டிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

ரூபினி திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடத் தவறில்லை. நாலு ஐம்பத்தைந்துக்கு எழுந்து குழந்தைவேலுவின் மேசை முன் போய் நின்றாள்.

"அண்ணே, இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா என் வேலையும் போச்சு."

அவர் முகம் இளகியது. வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தட்டினார், கண்ணை மூடினார், அனுப்பினார்.

"பயப்படாத தங்கச்சி," என்றார். "மொத தடவ பிள்ளையார் சுழி மட்டும் மேல போட்டு அனுப்பினேன், தடங்கலாயிடுச்சு, அடுத்ததுக்கு கீழ முருகன் துணை, அதுக்கடுத்து மாரியம்மன் துணையும் சேத்தேன், இந்தத் தடவ நாலாவது வரியில உங்க தோட்டத்து முனியாண்டியையும் எழுதிட்டேன், இனிமே எப்படிப் பிழை வருதுன்னு பாத்துடலாம்!"