க்யூ.சி. அக்காவும் பெல்லி டான்ஸ் உடுப்பும்

ஆம்பூரிலிருந்து கப்பல் ஏறிய ஷூக்களில் பாதியை க்யூ.சி. அக்கா தொட்டுப் பார்த்திருப்பார். மீதிப் பாதியையும் அவரிடம் காட்டியிருந்தால் அவை கப்பல் ஏறியிருக்காது. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில், அதாவது க்யூ.சி.யில், முப்பது வருஷம் நின்றவர். வேலையிலிருந்து அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், கண் ஆகவில்லை. கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பையைத் திருப்பி உள்தையலைப் பார்த்துவிட்டுத்தான் மணமக்களை வாழ்த்துவார்.

நான் அவரைச் சந்தித்தது பெல்லி டான்ஸ் வகுப்பில். சிரிக்காதீர்கள். நானே சிரிக்கத் தெம்பில்லாமல்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால், ஏழாம் நாள் வாஷிங் மிஷின் முன்னால் என்று இருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். யோகா வகுப்பு விடிகாலை ஐந்தரைக்கு. ஐந்தரைக்கு எழுந்திருக்க முடிந்தவளுக்கு யோகா எதற்கு? ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, இரண்டு தெரு தள்ளி, பெண்களுக்கு மட்டும் என்று இருந்தது இது ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரம் "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று கேட்க ஆள் கிடையாது. அதற்காக வயிறு என்ன, காதையே ஆட்டச் சொன்னாலும் ஆட்டியிருப்பேன்.

இரண்டாம் மாடி ஹால். வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும் சின்னப் பெண்தான் டீச்சர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அக்கா. முட்டி வலி, ஆட முடியாது, சும்மா பார்க்கிறேன் என்று முதல் நாள் வந்தவராம். சும்மா பார்க்க அவருக்குத் தெரியாது என்பது டீச்சருக்கு அப்போது தெரியவில்லை.

நான் தொளதொள சுடிதாரும், இரண்டு பக்கமும் பின் குத்திய துப்பட்டாவுமாகப் போனேன்.

"இன்னாம்மா இது, கொசு வலையா?"

"சுடிதார்க்கா."

"இதுக்குள்ள இடுப்பு எங்க கீது? டீச்சர் எத்தப் பாத்து தப்பு சொல்லும்? ரிஜெக்ட்."

ரிஜெக்ட் ஆனவர்கள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். அடுத்த வாரம் வீட்டுக்காரரின் டீஷர்ட்டை மாட்டிக்கொண்டு போனேன். முட்டி வரை தொங்கியது. ரிஜெக்ட். அதற்கடுத்த வாரம் மகளின் ஜீன்ஸ். "ஜீன்ஸ் போட்டா இடுப்பு ஆடாது, பட்டன்தான் தெறிக்கும்" என்றார். மூன்று ஞாயிறு நான் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது சம்மணம் போடுவது மட்டும்தான்.

நான்காவது வாரம் லெக்கிங்ஸும், இடுப்போடு நிற்கும் பனியனும். என்னைச் சுற்றி வந்து பார்த்தார். இரண்டு விரலால் இடுப்புப் பட்டியை இழுத்து விட்டார்.

"பாஸ். வயித்தக் காட்டணும்னு யாரும் கேக்கல. இடுப்பு எங்க திரும்புதுன்னு தெரியணும், அவ்ளோதான். தாலிச் சங்கிலிய உள்ள போடு. காசுத் துணியில மாட்டிக்கினா பேஜாரு."

காசுத் துணி என்பது இடுப்பில் கட்டிக்கொள்ளும் சலங்கை போன்ற சமாசாரம். துணி முழுக்கத் தகரக் காசுகள். இடுப்பை ஒழுங்காக வெட்டினால் கலீர் என்று சொல்லும். என் இடுப்புக்கு அது ரொம்ப நாள் வாயே திறக்கவில்லை.

"காலுக்கு ஷூ வேணாமாக்கா?"

"ஆயுசு பூரா ஷூ பாத்தவ சொல்றேன். வெறுங்கால்தான் நல்லது."

அதோடு விட்டிருந்தால் அவர் க்யூ.சி. அக்கா இல்லை. எங்கள் இடுப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குவது டீச்சருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று, ஒரு நாள் பையிலிருந்து வெள்ளி மைப் பேனாவை எடுத்தார். கம்பெனியில் தோல் மேல் தையல் கோடு போட வைத்திருக்கும் பேனா அது. எங்கள் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி, கறுப்பு லெக்கிங்ஸில் இடுப்பைச் சுற்றிக் கோடு போட்டார்.

"அக்கா, போகுமா?"

"தொடச்சா போய்டும்மா. நான் பாக்காத கோடா?"

தோலில் போகும். துணியில் போகாது. முப்பது வருஷத்தில் அவர் துணிமேல் போட்டதே இல்லை. ஊற வைத்தேன், அடித்துத் துவைத்தேன், கோடு இன்னும் பளபளத்தது. கொடியில் காய்ந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னா, உன்னியும் எக்ஸ்போர்ட் பண்ணப் போறாங்களா?"

இப்படி அலுத்துக்கொண்டே காலம் போயிருக்கும். ஆனால் ஒரு நாள் கட்டட ஓனர் டீச்சரைக் கீழேயே மடக்கினார். "டைட்டா போட்டுக்கினு லேடீஸ் மாடி ஏறுறாங்கன்னு தெருவுல கேக்குறாங்கம்மா. இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க." ஊரில் வேறு ஹால் எதுவும் கிடைக்காமல்தான் டீச்சர் இங்கே வந்திருந்தார். டீச்சர் அழுதார். எனக்கென்று இருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான்.

அக்கா அழவில்லை. "அடுத்த வாரம் எல்லாரும் கோட்டு போட்டுக்கினு வாங்க" என்றார்.

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள் உடுப்பின் மேல் மாட்டும் நீலக் கோட்டு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்றாவது ஆணியில் தொங்கும். ஏழு பேரும் கழுத்திலிருந்து முட்டி வரை நீலமாகப் படியேறினோம். தெரு வாயை மூடிக்கொண்டது. வேலைக்குப் போகிற பெண்ணை எங்கள் ஊரில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

மூன்றாவது வாரம் கதவு தட்டப்பட்டது. பயோடேட்டாவும் கையுமாக இரண்டு பெண்கள். "புதுசா ஷூ கம்பெனி லைன் போட்டுக்கிறீங்களாமே? எங்களுக்கு ஸ்டிச்சிங் தெரியும்." உள்ளே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அதை எந்த மிஷின் என்று நினைத்தார்களோ! ஆள் எடுக்கவில்லை என்று அக்கா அனுப்பி வைத்தார். அவர்கள் போகிற வழியில் ஓனரிடமும் சிபாரிசு கேட்டுவிட்டார்கள்.

டான்ஸுக்குக்கூட ஓனர் அவ்வளவு கோபப்படவில்லை. "என் ஹால்ல என்னக் கேக்காம கம்பெனி வெச்சிட்டீங்களா? கரண்ட் லோடு தாங்குமா?" என்று கீழே நின்று கத்தினார். பெண்கள் வகுப்பு என்பதால் மேலே வர முடியாது. வீட்டம்மாவை அனுப்பி வைத்தார்.

ஓனரம்மா விறைப்பான காட்டன் புடவையில் வந்து நடு ஹாலில் நின்றார். மூலை மூலையாகப் பார்த்தார். மிஷின் இல்லை. நீலக் கோட்டைக் கழற்றிய ஏழு பெண்கள் இருந்தோம், இடுப்பில் வெள்ளிக் கோடு பளபளக்க. அந்த அம்மாள் கீழே போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓனரம்மாவை உச்சியிலிருந்து கால் வரை அளந்தார். ரிஜெக்ட் என்று சொல்லித் தொலைக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்தது வந்துட்டீங்க. சும்மா நின்னா கால் வலிக்கும்மா" என்றார் அக்கா. முந்தானையை இழுத்துச் செருகி, புடவை மேலேயே காசுத் துணியைக் கட்டி விட்டார்.

ஓனரம்மா கூச்சத்தோடு ஒரு பக்கம் இடுப்பை வெட்டினார். கலீர் என்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் கேட்காமலே இன்னொரு பக்கமும் வெட்டினார். ஐந்து மணிக்குக் கீழே இறங்கும்போது, "மிஷினெல்லாம் ஒண்ணும் இல்ல. லேடீஸ் எக்சர்சைஸ் பண்றாங்க. அடுத்த வாரம் நானும் வர்றேன்" என்று புருஷனிடம் சொன்னது மாடி வரை கேட்டது. அதற்குப் பிறகு காலி செய்யும் பேச்சே எழவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மூணு வாரம் என்னத் தரையில உக்கார வெச்சீங்க. அவங்களுக்கு மட்டும் புடவையிலயே பாஸா?"

"நீ திரும்பி வருவேன்னு தெரியும். அவங்க வருவாங்களோ மாட்டாங்களோ."

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். படிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்கினார். இரண்டு மாடி. அதுவரை அவர் எப்படி ஏறி இறங்குகிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

"ஆடவும் முடியல. அப்புறம் எதுக்குக்கா இவ்ளோ கஷ்டப்பட்டு வர்றீங்க?"

பாதிப் படியில் நின்றார்.

"ஊட்டுல நான் ஒருத்திதாம்மா. தப்பு பண்றதுக்குக்கூட ஆளில்ல."

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே என் பனியனை, தையலெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி, உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு போனேன்.