பத்து வினாடி மதகு

இலந்தை நாட்டில் அரசரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. அரசர் அரண்மனையில் இருந்தார், இருந்ததாகச் சொன்னார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தீர்மானித்தது, நாட்டின் கணினிகள் எல்லாம் எந்த இயங்குதளத்தில் ஓட வேண்டும் என்பதைத்தான். போட்டியில் இரண்டு தளங்கள் இருந்தன. திரையில் முதலில் தோன்றும் படத்தை வைத்து ஒன்றைக் கொக்கு என்றும் மற்றதைப் பருந்து என்றும் அழைத்தார்கள். மூன்றாவதாக ஒன்றும் இருந்ததாக ஒரு குறிப்பு உண்டு. அதை உறுதி செய்ய முடியவில்லை.

அந்த நாட்டின் அடிப்படைச் சட்டம் ஒரே வரி: பதிவில் இல்லாதது நாட்டில் இல்லை.

பூவத்தடி கடைமடை ஊர். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊர்களையும் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்ற முறைப்பட்டியல் மதகு அலுவலகத்துக் கணினியில் இருந்தது. கணினி உத்தரவு கொடுத்தால் மோட்டார் ஓடி மதகுக் கதவு ஏறும். மோட்டார் வருவதற்கு முன்பு கதவை ஏற்றிய இரும்புக் கைப்பிடி, கிரீஸ் பூசி, அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதைத் தொடுவது குற்றம். பவளக்கொடிக்கு அந்த ஊரில் ஒரு நாற்றங்கால் இருந்தது. அவளுடைய முறை பதினோராம் தேதி.

ஒன்பதாம் தேதி தேர்தல் முடிவு வந்தது. பதினைந்து ஆண்டுகளாக ஆண்ட கொக்கு தோற்றது. வேலைக்கு நடுவில் நின்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் அதன் வழக்கத்தில் மக்கள் சலித்திருந்தார்கள். பருந்து எப்போதும் நிற்காது என்று வாக்குறுதி தரப்பட்டது. அது உண்மைதான், நிற்கவில்லை. ஆனால் கொக்கில் எழுதிய கோப்புகளைப் பருந்தில் திறந்தபோது எழுத்துகள் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன.

பதினோராம் தேதி காலையில் பவளக்கொடி வந்தாள். மதகு எழுத்தர் தணிகாசலம் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இதுல உங்க பேரு எதுன்னு காட்டுங்கக்கா, தண்ணி விட்டுடறேன்."

"எல்லாம் கட்டமால்ல இருக்கு."

"அதான் நானும் காலையிலேருந்து பாக்கறேன்."

தலைநகருக்குப் புகார்கள் போயின. தள அமைச்சர் ஆணை பிறப்பித்தார்: "பதிவேடு தவறாது. ஆகவே பதிவேட்டில் உள்ளபடியே குடிமக்கள் தங்கள் பெயர்களை மாற்றிக்கொள்வார்களாக." பூவத்தடி மக்கள் வரிசையில் நின்று கட்டம் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் எல்லாருக்கும் ஒரே பெயர் என்பதால் எல்லாரும் ஒரே ஆள் என்றும், அந்த ஒருவருக்கு இந்த மாதத் தண்ணீர் ஏற்கெனவே மேல்மடையில் கொடுக்கப்பட்டுவிட்டது என்றும் பருந்து தெரிவித்தது.

நாற்றின் நுனி மஞ்சளாயிற்று.

பதினாறாம் தேதி சமரச ஆணை வந்தது. இனி ஒவ்வொரு கணினியிலும் இரண்டு தளங்களும் இருக்கும். காலையில் திரை கேட்கும்: கொக்கா, பருந்தா? பத்து வினாடிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் பருந்து தானே தொடங்கும். எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் அரசு ஊழியர் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த உத்தரவோ கணினி தொடங்கிய பிறகே வந்து சேரும்.

பதினெட்டாம் தேதி விடிந்ததும் பவளக்கொடி அலுவலகத்தில் இருந்தாள். திரை எண்ணத் தொடங்கியது.

"கொக்க அமுக்குங்க தம்பி. என் பேரு அதுலதான் ஒழுங்கா இருக்கு."

"நான் அமுக்குனா கொக்குக் கட்சின்னு எழுதிடுவாங்கக்கா. அமுக்காம இருந்தா நடுநிலை."

"உங்க நடுநிலை தினம் பருந்துலதான போய் விழுது."

"அது தானா விழுது. நான் தள்ளல."

இரண்டு என்று திரை காட்டியபோது பவளக்கொடி கையை நீட்டித் தானே அமுக்கினாள். கொக்கு வந்தது. பட்டியல் திறந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு தணிகாசலம் ஒரு மனிதரின் பெயரைப் படித்தார்: பவளக்கொடி, பூவத்தடி, பதினோராம் தேதி. மதகுக்கு உத்தரவு கொடுக்க அவர் விரலைக் கொண்டுபோனபோது திரை நீலமாயிற்று. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்க வேண்டாம், நான்கு விழுக்காடு.

நடுப்பகலில் பத்தொன்பது. மூன்று மணிக்கு முப்பது. அதன்பின் மறுபடியும் நான்கு.

"அணைக்க வேணாம்னு இது சொல்லுது. காய வேணாம்னு என் நாத்துக்கு யாரு சொல்றது?"

தணிகாசலம் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். பவளக்கொடி எழுந்து ஆணியிலிருந்த கைப்பிடியை எடுத்தாள்.

"நான் திரையத்தான் பாத்துக்கிட்டிருக்கேங்கக்கா," என்றார் அவர், திரும்பாமல்.

கதவு துருப்பிடித்திருந்தது. இருபத்திரண்டு சுற்றில் தண்ணீர் வந்தது. நாற்று பிழைத்தது.

விசாரணையில் தள அமைச்சரே அமர்ந்தார். "நீ எந்தத் தளத்தின் வழியாக மதகைத் திறந்தாய்?"

"தளம் இல்லீங்க ஐயா. கையால திருப்புனேன்."

அமைச்சர் படிவத்தைப் பார்த்தார். அதில் இரண்டு இடங்களே இருந்தன. "கொக்கு என்று குறித்துக்கொள்ளலாமா?"

கொக்குக் கட்சித் தலைவர் எழுந்தார். "அந்த நேரத்தில் எங்கள் தளம் நான்கு விழுக்காட்டில் இருந்தது. இந்தப் பழியை எங்கள் மேல் போடாதீர்கள்."

எதையும் குறிக்காமல் படிவத்தைச் சேமிக்க முடியவில்லை. சேமிக்காத குற்றம் பதிவில் இல்லை. பவளக்கொடியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலையே அவை கூடியது. எழுத்தின் அளவில்கூட ஒத்துப்போகாத இரு கட்சிகளும், நாட்டின் எல்லா மதகுக் கைப்பிடிகளையும் பறிமுதல் செய்யும் சட்டத்துக்குச் சேர்ந்து கைதூக்கின. பத்து வினாடிதான் ஆனது என்கிறார்கள். ஒன்பது என்பாரும் உண்டு.

அடுத்த மாதம் பதினோராம் தேதி அதிகாலையில் பறிமுதல் ஆணையர் குணபாலர் பூவத்தடி அலுவலகத்துக்கு வந்தார். பவளக்கொடியையும் அங்கே வரவழைத்திருந்தார். நாற்று நடவாகி வயலில் நின்றது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"கைப்பிடி எங்கே?"

"அப்படி ஒண்ணு பதிவுல இருக்குங்களா?" என்றாள் பவளக்கொடி. "பதிவுல இல்லாதது நாட்டுல இல்லன்னுதான எங்களுக்குச் சொல்லியிருக்கீங்க."

குணபாலருக்கு அந்தச் சட்டத்தில் பிழை தெரியவில்லை. "எழுத்தரே, பொருள் பட்டியலைத் திறவும்."

தணிகாசலம் கணினியை இயக்கினார். கொக்கா, பருந்தா என்று திரை கேட்டது.

"எதைத் திறக்கறதுன்னு எழுத்துல உத்தரவு இருக்குங்களா ஐயா?"

ஆணையர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். ஏழு, ஆறு, ஐந்து. தணிகாசலம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்று. இரண்டு. பருந்து வந்தது. பட்டியல் முழுக்கக் கட்டங்கள்.

குணபாலர் அறிக்கையில் எழுதினார்: அத்தகைய பொருள் இந்நாட்டில் எக்காலத்திலும் இருந்ததில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் பதிவில் இல்லை.