முப்பது ஏன் இருபதாகிறது?

பால்ராஜ் முப்பது என்று எழுதினான். சர்வர் எழுந்ததும் இருபது என்று காட்டியது.

1996. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறி கம்பெனி. அதன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் பால்ராஜ். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்பதெல்லாம் சர்வர் எனப்படும் இரண்டு பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்தது. ஒன்றில் பதிவது உடனே மற்றதிலும் பதிவாகும். ஒன்றின் வேலையை நிறுத்தினால் மற்றது தனியாகச் சமாளிக்கும். நிறுத்தியது எழும்போது, ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரே நேரத்தில் இருபது பேர்தான் அதில் ஆர்டர் பதிய முடியும். அன்று சேர்ந்த பத்துப் பெண்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு மணிக்குள்ள முப்பதாக்குங்க பால்ராஜ்," என்றார் முதலாளி ரகுநாதன். "முடியலேன்னா அந்தப் பத்து பேரும் நாளைக்கு வர வேணாம். லோடிங் மட்டும் ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது."

எத்தனை பேர் என்ற அந்த எண்ணைச் சர்வர் எழும்போது மட்டுமே படிக்கும். அதனால்தான் பால்ராஜ் இடது சர்வரை நிறுத்தி, முப்பது எழுதி, எழுப்பினான். இருபது. வலதை நிறுத்தி எழுதினான். அதுவும் இருபது.

"மறுபடியுமா சார்?" என்றாள் சொர்ணம். பத்துப் பேரில் ஒருத்தி. வேலை இல்லாததால் சர்வர் அறையில் ஸ்டூல் போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம இரும்மா."

இரண்டையும் இணைக்கும் ஒயரைப் பிடுங்கிவிட்டு இடதை நிறுத்தி எழுதினான். முப்பது! பால்ராஜ் கைதட்டினான். பத்து நிமிடத்தில் லாரி டிரைவர் கஜபதி வந்து நின்றார்.

"இன்னா நைனா, ஒரே ஆர்டரை ரெண்டு லாரில ஏத்திகினு கீறானுங்க?"

ஒயர் இல்லாததால் ஒரு சர்வருக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியவில்லை. பால்ராஜ் பதறிப்போய் இடதை நிறுத்தினான், ஒயரைச் செருகினான், பெட்டிகளை இறக்க ஓடினான்.

இரண்டாவது லாரியிலிருந்து நூற்றிருபது பெட்டிகளை இறக்கிவிட்டு வியர்வையோடு திரும்பியபோது மணி மூன்றே முக்கால். பத்து நாற்காலிகளிலும் தட்டச்சு நடந்துகொண்டிருந்தது. சொர்ணமும் தன் இடத்தில் இருந்தாள்.

"யாரு வந்து சரி பண்ணாங்க?"

"நான்தான் சார். திட்டாதே சார்."

"நீயா! நானும் அதே முப்பதைத்தானே எழுதினேன்?"

சொர்ணம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ லீவுல கீறவன்கிட்ட சேதி சொல்லிகினு இருந்தே சார். அவன் திரும்பி வந்தா டூட்டில கீறவனைத்தானே கேப்பான்? நான் ஓடிகினு கீறதுல முப்பதுன்னு எழுதினேன், தூங்கறதை எழுப்பினேன், அது பார்த்து எழுதிக்கிச்சு. அப்புறம் ஓடிகினு இருந்ததையும் ஒருவாட்டி தூங்க வெச்சு எழுப்பினேன், அவ்ளோதான்."