மைக்ரானும் மூன்று பிளேடும்

ஓசூரில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. காலை ஏழரை மணிக்கு பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் பைக் ஓட்டுகிற அத்தனை பேரும் அந்த ரகம்தான். ஆனால், கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தோடேயே சண்டை போட்டு, அதில் தோற்று, தோற்ற கோபத்தைப் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆள் மீது காட்டுகிற மனிதர் தென்னிந்தியாவிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். பல் தேய்த்துக்கொண்டிருந்த அந்த ஆள் நான். நான்கு வருஷம் அவரோடு ஒரே ரூமில் குடியிருந்தேன். அந்த நான்கு வருஷக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவர் பெயர் மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குக்கு அந்தப் பெயர். எங்கள் டூல்ரூமில் கிரைண்டிங் மெஷினில் நிற்பார். சுற்றுகிற கல்லின் அடியில் இரும்புத் துண்டை வைத்து, கைச்சக்கரத்தை ஒரு கோடு திருப்பி, கேட்ட அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி செக்யூரிட்டி கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் அதே டூல்ரூமில் இன்ஸ்பெக்டர். அவர் தேய்த்த துண்டை அளந்து பார்த்து சரி, தப்பு சொல்வது என் வேலை. அவருடைய பீஸில் நான் தப்பே கண்டுபிடித்ததில்லை. ரூமுக்கு வந்தால் என் முகத்தில் அவர் தப்பு கண்டுபிடிக்காத நாளே இல்லை. அவர் குடும்பம் காவேரிப்பட்டினத்தில், என் குடும்பம் நாமக்கல்லில். ஆகவே எங்களுக்குள் சமாதானம் செய்து வைக்க ஒரு நல்ல மனுஷியும் அந்த ரூமில் கிடையாது.

விடிந்ததும் ஜன்னல் கம்பியில் ஒரு தோல் பட்டையை மாட்டி, அதில் சவரக்கத்தியைச் சர் சர்ரென்று தீட்டுவார். எனக்கு அலாரமே அதுதான். ரேஸர் இல்லை, கத்தி. மடக்கி விரிக்கிற நீளக் கத்தி. கழுத்தில் வைத்தால் கத்திக்கும் கழுத்துக்கும் நடுவில் கையின் நிதானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில், ஒரு கீறல் இல்லாமல், வாழைத்தண்டு மாதிரி முகத்தோடு வெளியே வருவார். வந்ததும் என் ரேஸரைப் பார்த்து ஆரம்பிப்பார்.

"ஏம்பா, ஒரு முடிய வெட்ட மூணு பிளேடா? ஒருத்தன் வேல செய்ய, ஒருத்தன் நின்னு பாக்க, இன்னொருத்தன் ரிப்போர்ட் எழுதவா? இது ரேஸரா, நம்ம கம்பெனியா?"

"உங்களுக்கு என்னண்ணா? என் மூஞ்சி, என் ரேஸர்."

"உன் மூஞ்சிய நான்தான பாக்கறன் நாள்பூரா."

ஓசூர்ப் பக்கம் மூன்று பாஷை புழங்கும். மைக்ரான் மூன்றையும் வீணாக்காமல் பயன்படுத்துவார். கத்தி சரியாகத் தீட்டப்படாவிட்டால் கன்னடத்தில் திட்டுவார். போர் தண்ணியில் சோப்பு நுரைக்காவிட்டால் தெலுங்கில் திட்டுவார். என்னைத் திட்டும்போது மட்டும் தமிழ். நெருங்கியவர்களிடம் தாய்மொழியில்தானே பேச வரும்.

கேன்டீனில் தட்டுக் கழுவும் வரிசையில் முன்னால் நிற்பவரின் தாடையைப் பிடித்து டியூப்லைட் பக்கம் திருப்பி, "எடது பக்கம் பிசிரு நிக்குது, ரீவொர்க் போ" என்று அனுப்புவார். ஒருமுறை அப்படித் திருப்பிய தாடை, பெங்களூரிலிருந்து அன்றுதான் வந்து சேர்ந்த மேனேஜருடையது. வரிசை மொத்தமும் மூச்சை நிறுத்தியது. மைக்ரான் விடவில்லை. "நீங்களும்தான் சார், போங்க" என்றார். மேனேஜர் பாவம், எச்சில் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வாஷ்ரூமுக்குப் போனார். அந்தத் தட்டைக் கழுவி வைத்தவன் நான்.

இப்படி இருந்த மனிதர் முகத்தில் ஒருநாள் காலை ஒரு கீறல்.

முகவாயில், சின்னதாக. செய்தித்தாள் துண்டைக் கிழித்து ஒட்டிக்கொண்டு வந்தார். "சோப்பு சரியில்ல" என்றார். மறுநாள் காதுக்குக் கீழே இன்னொன்று. "நீ பக்கத்துல மூச்சு விட்டா கத்தி எப்பிடி நிக்கும்?" என்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பல் தேய்த்தேன். மூன்றாம் நாள் கன்னத்தில் இரண்டு. அன்று கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேட்டேன்.

தாடி விட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு வழியில்லை. கிரைண்டிங் தூசுக்காக ரப்பர் மாஸ்க் போட வேண்டும், முகத்தில் முடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது என்று சேஃப்டி ஆபீசர் உத்தரவு போட்டிருந்தார். தினம் காலையில் டூல்ரூம் வாசலில் நின்று அவரே முகம் பார்ப்பார். ஆக, தினம் சவரம் செய்தே தீர வேண்டும். சவரத்தில் விழுந்த கீறல் மீது ரப்பர் விளிம்பு நாள் முழுக்க அழுத்தும். அந்த எரிச்சலும் சாயங்காலம் என் தலையில்தான் விடியும்.

பிறகு ஒருநாள் காலை, நான் கண்ணாலேயே பார்த்தும் நம்பாத காட்சி. மைக்ரான் என் ரேஸரை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று பிளேடு ரேஸரை.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். நான்கு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் வேறு என்ன செய்வான்? ரேஸர் பறந்து வந்து என் கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த ரூமில் மனுஷன் இருக்க முடியவில்லை. திங்கள்கிழமை கத்தி, நான்கு கீறல். செவ்வாய்க்கிழமை ரேஸர். கத்திப் பழக்கத்தில் தோலை இழுத்துப் பிடித்து ரேஸரை அழுத்தியதில் கன்னம் தக்காளியாகிவிட்டது. புதன்கிழமை திரும்பவும் கத்தி. வியாழக்கிழமை ரேஸரை லேசாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டு முகம் வழவழவென்று வந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அன்றைக்குத்தான் கோபம் உச்சம். "வழவழன்னு இருக்குதே" என்று ரேஸரைப் பார்த்துக் கத்தினார். நன்றாகச் சவரம் செய்ததற்காக ஒரு ரேஸர் திட்டு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை திரும்பவும் கத்தி, ஐந்து கீறல். எனக்கு வெறுத்துவிட்டது. வேறு ரூம் பார்க்கலாம் என்று தளி ரோடு வரை போய் விசாரித்துவிட்டு வந்தேன்.

அதே சமயம் டூல்ரூமில் ஒரு கூத்து நடந்தது. மைக்ரான் தேய்த்த பீஸ் இரண்டு, அளவில் நான்கு மைக்ரான் குறைந்தது. நான் மூன்று தடவை அளந்தேன். நான்கு குறைந்தது. உடனே என்ன செய்தேன் தெரியுமா? அளக்கிற என் கேஜையே சந்தேகப்பட்டு, அதைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கேஜ் சரியாக இருக்கிறது என்று சர்டிஃபிகேட்டோடு திரும்பி வந்தது. சர்டிஃபிகேட் கொடுத்தவன் சரியில்லை என்று முடிவு செய்து, பீஸ் இரண்டையும் டிராயரில் போட்டுப் பூட்டினேன். இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பார்த்தவன் செய்கிற காரியமா இது?

அடுத்த வாரம் மைக்ரான் ஒரு ஜிக் செய்து கொண்டுவந்தார். கத்தியைக் கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புச் சட்டம். கத்தியின் முனைக்கு முன்னால் சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு தடுப்பு. பல் ஒவ்வொன்றும் ஒரே அளவு, என்ன வேலைப்பாடு. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பத்து நாள் செய்திருக்கிறார்.

"இப்ப பாரு. கத்தியும் நம்ம கத்திதான், கீறலும் விழாது" என்று பெருமையாக நீட்டினார்.

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அண்ணா, பிளேடுக்கு முன்னாடி தடுப்பு வெச்சா அதுக்குப் பேரு ரேஸருங்ணா. கடையில விக்குது."

அவர் ஜிக்கை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம் சத்தமே இல்லை. மைக்ரான் இருக்கும் இடத்தில் சத்தம் இல்லை என்றால் எனக்குப் பயம் வரும். கதவைத் தள்ளிப் பார்த்தேன். கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா இப்பிடித்தான்ப்பா ஆடுது" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா மெஷின விட்டு எறக்கிருவானுங்க. ஸ்டோர்ல ஒக்கார வெச்சு, வர்றவனுக்கு கிளவுஸ் எடுத்துக் குடுன்னுவானுங்க. இருவத்தி ரெண்டு வருஷம் அந்த மெஷின்ல நின்னுருக்கன்."

"அப்ப பேசாம ரேஸர்ல பண்ணிக்கிட்டு போக வேண்டியதுதான? யாருக்குத் தெரியப் போகுது?"

"அதான்ப்பா எழவு. காலையில கத்தி எடுத்து ஒரு கீறல் இல்லாம முடிச்சன்னா, அன்னிக்கு கை சரின்னு அர்த்தம். அப்பறம்தான் மெஷின் கிட்ட போவன். எனக்கு அதுதான் செக்கிங். உன் ரேஸர் இருக்குதே, கை இந்த ஆட்டம் ஆடறப்பவும் மூஞ்சிய வழவழன்னு காட்டுது. பொய் சொல்லுது அது. நானும் இப்ப பத்து நாள் உக்காந்து ஒரு பொய்யத்தான் செஞ்சிருக்கன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சுற்றுகிற கல்லுக்கு ஒரு விரல் தள்ளி வேலை செய்கிற கை அது. இரண்டு மாசம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தினேன். கத்துகிற வேகத்தில் டிராயரில் பூட்டிய இரண்டு பீஸ் விஷயமும் வெளியே வந்துவிட்டது.

மைக்ரான் பக்கெட்டை விட்டு எழுந்தார். "நாலு மைக்ரான் கம்மியா? அதுக்குக் கேஜ் தப்புன்னா நெனச்ச?"

"பின்ன? உங்க கை தப்புன்னா நெனைப்பேன்?"

"நீயெல்லாம் ஒரு இன்ஸ்பெக்டரா? தூ."

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனியில் வருஷாந்தர மெடிக்கல் செக்கப். அன்று காலை நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "கத்தியக் குடுங்ணா, நானே பண்ணி விடறேன். மூஞ்சியில கீறல் இல்லைன்னா டாக்டர் ஒண்ணும் கேக்க மாட்டாரு."

"உன் கையில செஞ்ச சவரத்த வெச்சுக்கிட்டு நான் மெஷின்ல நிக்கறதா?" என்றார். கத்தியை எடுத்துத் தானே சவரம் செய்தார். ஆறு இடத்தில் பேப்பர் ஒட்டிக்கொண்டு கிளம்பினார்.

கேன்டீனில் மேஜை போட்டு ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, அடுத்தது. ஆளை நிமிர்ந்து பார்க்காமலே எல்லோருக்கும் 'ஃபிட்' என்று எழுதிக்கொண்டிருந்தார். மைக்ரானுக்கும் எழுதினார். ஆறு பேப்பர் துண்டும் அவர் கண்ணில் படவில்லை. பின்னால் நின்ற எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மீதே கோபம் வருகிறது.

மைக்ரான் நகரவில்லை. "டாக்டர், என்னா எழுதுனீங்க?"

"ஃபிட்டுன்னு எழுதிருக்கேன். போலாம்."

"கையப் பாத்தீங்களா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடுத்தது வாங்க."

"பாக்காமயே நல்லா இருக்குதுன்னு எப்பிடி எழுதுவீங்க? நாங்க ஒரு இரும்புத் துண்டக் கூட அளக்காம பாஸ் பண்ண மாட்டம்." டாக்டர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, அவர் முன்னால் இருந்த தாளில் ஒரு கோடு போட்டார். நேர்கோடு போடத்தான் முயன்றார். அது அஞ்செட்டி மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போனது. "இதுவா ஃபிட்டு? அன்ஃபிட்டுன்னு எழுதுங்க. எழுதாம நான் போவ மாட்டன்."

தேறவில்லை என்று எழுதச் சொல்லி ஒரு மனிதன் டாக்டரோடு சண்டை போட்டதைக் கேன்டீனே எழுந்து நின்று பார்த்தது. டாக்டர் கடைசியில் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். 'ஃபிட்'டை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். மைக்ரான் அதை இரண்டு தடவை படித்து, எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

மாத்திரை சாப்பிடுகிறார். ஆட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் மெஷின் போனது போனதுதான். அடுத்து வந்த திங்கள்கிழமை காலை என் ரேஸரைக் கேட்டு வாங்கிச் சவரம் செய்துகொண்டார். டூல்ரூம் வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஸ்டோருக்குப் போனார்.

ஒன்பது மணிக்கு நான் ஸ்டோர் கவுன்ட்டரில் போய் நின்று ஒரு ஜோடி கிளவுஸ் கேட்டேன்.

"சைஸு?"

"தெரியலைங்ணா."

"கை உன்னதுதான? சொந்தக் கையோட அளவு தெரியாதவன்லாம் இன்ஸ்பெக்டரு. போ, அளந்துக்கிட்டு வா."

அளக்கிற வேலைக்குக் கிளவுஸ் தேவையே இல்லை. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்று முறையும் நன்றாகத் திட்டினார்.