நடு மனையில் புலி

மனிதரில் 'என் நிலம், என் இஷ்டம்' என்றோர் இனம் உண்டு. உலகெங்கும் பரவிக் கிடக்கும் இனம்தான். ஆனாலும் அதன் கொழுத்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் எங்கள் நெவாடா பாலைவனத்துப் பக்கம்தான் வர வேண்டும். மற்ற ஊர்களில் இவர்கள் சுற்றுச்சுவரைத் தெருவுக்குள் அரை அடி நகர்த்திக் கட்டுவதோடு அடங்கிவிடுவார்கள். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், புலி வளர்ப்பார்கள்.

லைல் பிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி பழுதுபார்க்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிலில் இருந்தவரை அவர் உணவகத்துக்குள் நுழைந்தால் ஒருவரும் தலை நிமிர்ந்ததில்லை. ஏலத்தில் ஒரு புலிக்குட்டியை வாங்கி, 'கர்னல்' என்று பெயரிட்டு, அதற்குப் புட்டிப்பால் கொடுக்கும் படத்தை வண்டிக் கண்ணாடியிலும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும் ஒட்டிய பிறகு, காப்பி ஊற்றும் பெண்கூட "கர்னல் எப்படி இருக்கான்?" என்று கேட்கத் தொடங்கினாள். அந்த ஒரு கேள்விக்காக மனிதன் எதைத்தான் வளர்க்க மாட்டான்?

கர்னல் வளர்ந்தது. பின்னங்காலில் நின்றால் லைலின் தலைக்கு மேல் இரண்டு முழம். குட்டியோடு எடுத்த படங்கள் இத்தனை இருக்க, வளர்ந்த புலியோடு எடுத்த படம் ஒன்றுகூட ஏன் இல்லை என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்டுவிடாதீர்கள். தினமும் கூண்டருகே போய் இரும்புக் குழாய் வழியாகக் கோழிகளைத் தள்ளிவிடுவது அவர் மனைவி டோரீன். லைலின் வேலை வேறு. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, கூண்டிலிருந்து கௌரவமான தூரத்தில் நின்று, விளக்கம் சொல்வார்.

"பெரிய பூனைதாங்க, வேற ஒண்ணும் இல்ல. நம்ம பயத்தை மோந்து பாத்துடும். எங்கிட்டதான் அது கிடையாதே."

பக்கத்து நிலத்து நெல்டாவின் ஆடு ஒருநாள் கர்னலின் கூண்டு ஒட்டியிருந்த வேலியோரம் மேயப் போய் ஒரு காதோடு திரும்பி வந்தது. நெல்டா ஆட்டையே இழுத்துக்கொண்டு வந்து லைலின் வாசலில் நின்றாள்.

"லைல், இதப் பாரு."

"விளையாடியிருக்கான்."

"காது எங்க?"

"உன் ஆடு என் வேலிகிட்ட ஏன் வந்துச்சு? அதைச் சொல்லு மொதல்ல."

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்று நாம் சொல்வோமே, அதில் மூன்றாவது கட்டம் வரும்வரை காத்திருக்க நெல்டா தயாராக இல்லை. பேத்திகள் கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள். அவள் திட்டக் குழுவிடம் போனாள். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எதை வளர்க்கலாம் என்று தீர்மானிக்கிற அந்தக் குழு, குடியிருப்பு நிலங்களில் கொடிய விலங்குகளுக்கென்று புதிதாக ஒரு விதி எழுதி, பொதுக் கூட்டத்துக்கு நாள் குறித்தது.

இந்த இனத்துக்குப் பொதுக் கூட்டம் என்பது கல்யாணம் மாதிரி. லைல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய், சுதந்திரத்தைப் பற்றியும், முன்னோர் சிந்திய ரத்தத்தைப் பற்றியும், இன்றைக்குப் புலி என்றால் நாளைக்கு உங்கள் நாய், மறுநாள் உங்கள் துப்பாக்கி என்றும், கொடுத்த நேரத்தைத் தாண்டி முழங்கினார். கர்னலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

குழுத் தலைவர் ஹார்லன் யூடி நிதானமான மனிதர். "லைல், கொலராடோல ஒரு காப்பகம் இருக்கு. லாரி வச்சு அவங்களே வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். ஓடறதுக்கு மேடு, குளிக்கக் குளம் எல்லாம் இருக்காம். குடுத்துடேன்ப்பா."

டோரீன் சட்டென்று நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவளுக்குக் கர்னலைப் பிடிக்கும். அது கூண்டுக்குள் எட்டு வைத்துத் திரும்பி, எட்டு வைத்துத் திரும்பி நடப்பதை அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவள் அவள்தான்.

"முடியாது" என்றார் லைல்.

குழு இரக்கப்பட்டு ஒரு வழி விட்டது. ஏற்கெனவே விலங்கு வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூண்டு நிலத்தின் நாலு எல்லையிலிருந்தும் இருநூறு அடி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். லைல் ஜெயித்துவிட்டதாக நினைத்து உணவகத்தில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாடா பிடித்து அளந்தார். நாலு பக்கமும் இருநூறு அடி விட்டால் மிஞ்சியது நட்டநடுவில் ஒரே ஒரு துண்டு. அதில் அவர் வீடு இருந்தது.

மனிதனாகப் பிறந்தவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? காப்பகத்து லாரியைக் கூப்பிடுவான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன், பிடித்தது புலியாக இருந்தால் விடுவானா? லைல் வீட்டை இடிக்க ஆள் கூப்பிட்டார்.

"நாம எங்க இருக்கறது?" என்றாள் டோரீன்.

"ஓரமா சக்கரம் வச்ச டிரெய்லர் வீடு ஒண்ணு போட்டுக்கலாம். கொஞ்ச நாள்."

"இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு சுவரை இடிச்சு ஜன்னல் வச்சுக் குடுத்தியா லைல்?"

"இது உனக்கு எனக்குன்னு இல்லம்மா. அவனுக யாரு எனக்குச் சொல்றதுக்கு?"

இடிக்கும் வண்டி வந்த அன்று டோரீன் தங்கை வீட்டுக்குப் போனாள். போகுமுன் கூண்டருகே கொஞ்ச நேரம் நின்றாள். லைலிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

புதுக் கூண்டு எழும்பி, கர்னல் மயக்க ஊசியில் குடிமாறி, மறுநாள் கோழி வாளியோடு லைல் குழாயருகே போனார். எட்டி நின்றே தள்ளியதில் முதல் கோழி தரையில் விழுந்தது. கர்னல் எழுந்து கம்பியோரம் வந்தது. அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தது. யாரோ வரவேண்டியவர் வரவில்லை என்பதுபோல வெகுநேரம் பார்த்துவிட்டு, தின்னாமலே போய்ப் படுத்துக்கொண்டது. ஊருக்குச் சொல்லவேண்டிய சேதி இது என்று லைலுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் கவுண்டி ஆய்வாளர் வந்தார். கூண்டைச் சுற்றி அளந்தார், பூட்டை ஆட்டிப் பார்த்தார்.

"பிரமாதம். புலி சட்டப்படி இருக்கு, மிஸ்டர் பிக்கெட்."

லைல் பெருமையாக நிமிர்ந்தார்.

"நீங்கதான் இல்ல. இந்த நிலத்துல டிரெய்லர்ல குடியிருக்கக் கூடாது. வீடு ஒண்ணு இருந்து, அதுக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சிருந்தா பரவால்ல."

"வீட்டைத்தான் இடிச்சுட்டேனே."

"அது தெரியுது."

இப்போது லைல் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார். காலையும் மாலையும் தன் சொந்த நிலத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து, வாளியைக் காலி செய்துவிட்டு, இருட்டுமுன் கிளம்பிவிடுகிறார். உணவகத்தில் கேட்டுப் பாருங்கள்: கவுண்டியே எதிர்த்து நின்றும் தான் விட்டுக்கொடுக்கவில்லை என்பார். டோரீனைப் பற்றிக் கேட்டால், காப்பி ஆறிவிட்டது என்பார்.

உங்களிடம் புலி இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் உங்களுக்கே பிடிக்காத, வீட்டில் எல்லாரும் சுற்றி வளைத்துக்கொண்டு நடக்கிற ஏதோ ஒன்றை, ஒரு வழக்கை, ஒரு வறட்டுக் கோபத்தை, 'இவன் யார் எனக்குச் சொல்ல' என்ற ஒரே காரணத்துக்காகத் தீனி போட்டு வைத்திருக்கிறீர்களா? இல்லவே இல்லையா? எதற்கும் வீட்டில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அவர்கள் இன்னும் வீட்டில் இருந்தால்.